மல்சுன் வைத்த மிச்சம்

கூ பான்சூவின் தொப்பையைப் பற்றி அந்த மலைச்சரிவில் பேசாத ஆள் கிடையாது. கொரியாவின் பூசான் துறைமுகத்தைப் பார்த்தபடி வீட்டுக்கு மேல் வீடாக ஏறிப்போகும் அந்தப் பகுதியில் இருபத்தொன்பது வருஷம் மினி பஸ் ஓட்டியவர் அவர். அவரை எல்லாருக்கும் தெரியும், எல்லாரையும் அவருக்குத் தெரியும், ஆகவே அந்தத் தொப்பை ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. "பான்சூ அண்ணே, பிரேக்கைக் காலால அழுத்துறீங்களா, வயித்தால அழுத்துறீங்களா?" என்று மார்க்கெட் முனையில் ஏறும் மீன்காரிகள் கேட்பார்கள். "காலு களைச்சா வயிறு, வயிறு களைச்சா காலு. நீ எறங்குற எடத்துல பஸ் நிக்குதா இல்லியா, அதை மட்டும் பாரு" என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, தொப்பை வந்ததற்கு முதல் காரணம் அவருடைய வேலைதான். மேலே கடைசி நிறுத்தத்தில் பஸ் எட்டு நிமிஷம் நிற்கும். டிரைவர் கை கால் கழுவுவதும், கழிவறைக்குப் போவதும், சாப்பிடுவதும் எல்லாம் அந்த எட்டு நிமிஷத்துக்குள். எதிரே பன்றி எலும்புச் சூப்புக் கடை. பஸ் வளைவில் திரும்பும்போதே கடைக்காரி ஒரு சட்டிச் சூப்பில் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்துவிடுவாள். பான்சூ மென்றதை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் மெஷினில் ஒரு இனிப்புக் காப்பி, அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிதானமாகச் சாப்பிடலாமே என்றால் கைக்கு அது தெரியவில்லை. மல்சுன் கிம்ச்சி எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் கிண்ணம் காலியாகியிருக்கும்.

மல்சுன் அவர் மனைவி. வரிசையாகப் பிறந்த ஐந்து பெண்களில் கடைசி. இனிப் பெண் வேண்டாம், இதுவே கடைசியாக இருக்கட்டும் என்று அப்பா வைத்த பெயர். வேண்டாத விருந்தாளி மாதிரி வீட்டுக்குள் வந்தேன் என்று அவளே சொல்லுவாள். பதினேழு வயதில் செருப்புத் தொழிற்சாலைக்குப் போய், ஷூவின் மேல்தோலைத் தைத்துத் தைத்து இரண்டு அக்காமாரின் பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்ததால் பான்சூ அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மகள் பிறக்கும்வரை "இந்தா", சோரா பிறந்த பிறகு "சோரா அம்மா". அவள் அவரைக் கூப்பிடுவது "இந்தாங்க".

பான்சூ ஓய்வு பெற்ற அதே வசந்தத்தில் மல்சுனின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வருஷக்கணக்காக இருந்த ரத்தக்கொதிப்பு சத்தமில்லாமல் அரித்துவிட்டிருந்தது. "நீங்க ஓய்வு வாங்குனதைப் பாத்துட்டு அதுங்களும் எழுதிக் குடுத்துடுச்சுங்க" என்று அவள் சிரித்தாள். அதன் பிறகு திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலி. பான்சூ அழைத்துப் போவார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அழைத்து வருவார். பஸ் ஓட்டினவருக்குக் காத்திருப்பது புதுசு.

சாப்பாடுதான் பெரிய பாடு. அவளுக்கு உப்பு ஆகாது. பழம் ஆகாது. கீரை காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கை மாதிரி தின்ன வேண்டும். ஊரெல்லாம் நல்லது என்று தேடித் தின்னும் தானியச் சோறுகூட அவளுக்குக் கூடாது, வெள்ளைச் சோறுதான். இத்தனையும் போக டயாலிசிஸ் முடிந்து வந்தால் வாய் கசக்கும், வயிறு புரட்டும். நாலு வாய் தின்பாள், கரண்டியை வைத்துவிடுவாள். பாதிக் கிண்ணம் அப்படியே நிற்கும்.

அந்தப் பாதிக் கிண்ணத்தைப் பான்சூ தின்றார்.

எப்படித் தின்னாமல் இருப்பார்? ஏழு பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்து, தரையில் விழுந்த பருக்கையை யார் பொறுக்குவது என்று சண்டை போட்ட வீட்டில் வளர்ந்தவர். சோற்றை எறிகிற கை அவருக்கு இல்லை. முதலில் தன் கிண்ணம், பிறகு அவள் கிண்ணம். போதாததற்கு, நோயாளி இருக்கும் வீட்டுக்கு அங்கே யாரும் வெறும் கையோடு வரமாட்டார்கள். ஒரு பெட்டி கமலா ஆரஞ்சு, ஒரு பெட்டி பேரிக்காய்ச் சாறு, சோயா பால், தேன் போட்ட இஞ்சி, பலகாரம். வந்த பெட்டியெல்லாம் வாசலில் அடுக்கி நின்றது, அத்தனையும் மல்சுனுக்கு விஷம். "கொண்டாந்தவங்க மனசு கோணக்கூடாது பாரு" என்று பான்சூ ஒவ்வொன்றாக உடைப்பார். பெஞ்சில் காத்திருக்கும் நாலு மணி நேரத்துக்குச் சர்க்கரையும் பால்பொடியும் கலந்த காப்பிப் பொட்டலம் மூன்று. மூன்று வருஷத்தில் எழுபத்தொன்பது கிலோ தொண்ணூற்றொன்று ஆயிற்று.

ஆனால் அவர் தின்றதற்கு அது மட்டும் காரணமில்லை. அந்தப் பாதிக் கிண்ணத்தை அவரால் பார்க்க முடியவில்லை. மேஜைமேல் அது இருக்கும்வரை அவள் சாப்பிடவில்லை என்பது வீட்டில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். வழித்துத் தின்றுவிட்டால் கிண்ணம் காலி, அவளும் சாப்பிட்டுவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. பைத்தியக்காரத்தனம்தான். யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம் மல்சுனின் கையில் ஊசி குத்தும் ரத்தக்குழாய் சுருங்கத் தொடங்கியது. இரண்டு தடவை விரித்துவிட்டார்கள். மூன்றாம் தடவை கஷ்டம், இனிக் கழுத்தில்தான் இடம் பார்க்க வேண்டும், அதற்குள் ஒரு சிறுநீரகம் கிடைத்தால் நல்லது என்றார் டாக்டர். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கு வரிசையில் நின்றால் வருஷக்கணக்கு. சோரா உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மல்சுன் மகளை ஒரே வார்த்தையில் உட்காரவைத்தாள். "பெத்து குடுத்ததைத் திருப்பி வாங்குறதுக்கா உன்னைப் பெத்தேன்? போய் உன் பிள்ளையப் பாரு."

"அப்ப என்னோடதை எடுங்க. நான் இவ பெத்தது இல்ல" என்றார் பான்சூ.

ரத்தம் ஒத்துப்போனது. மற்றதும் ஒத்துப்போனது. பான்சூ தெருவில் போகிற எல்லாரிடமும் சொன்னார். பிறகு டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்தார். வயது அறுபத்து நாலு, அது பரவாயில்லை. ஆனால் எடை தொண்ணூற்றொன்று, ஈரலில் கொழுப்பு, சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறார். "இந்த உடம்புல இருந்து ஒரு கிட்னியை எடுத்தா, மிச்சம் இருக்கிற ஒண்ணு ரொம்ப நாள் தாங்காது ஐயா. பத்து வருஷத்துல நீங்க அந்த நாற்காலியில உக்காந்திருப்பீங்க. அஞ்சு மாசம் டைம் தர்றேன். பத்துக் கிலோ குறையணும், சர்க்கரை எறங்கணும். இல்லைன்னா உங்ககிட்ட இருந்து எடுக்க மாட்டோம்."

பான்சூ வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை காலம் ஊரே கிண்டலடித்தபோது கூடச் சேர்ந்து சிரித்த தொப்பையை அன்றைக்குத்தான் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அவள் உயிர் பிழைப்பதற்குக் குறுக்கே நிற்பது இந்தச் சதைதான் என்று நினைத்தபோது அவருக்கு அவமானத்தில் காது சூடானது.

மறுநாளே தொடங்கிவிட்டார். காலையில் அரைக் கிண்ணம், மத்தியானம் பட்டினி, சாயங்காலம் அரைக் கிண்ணம். மினி பஸ்ஸைத் தொடாமல் நூற்று அறுபத்தெட்டுப் படியையும் ஏறி இறங்கினார். பழைய கடைசி நிறுத்தத்தில் சூப்புக் கடைக்காரி ஓடிவந்து, "அண்ணே, பஸ்ஸை வித்துப்புட்டாங்களா?" என்று கேட்டாள். மாசம் முடிந்து எடைபோட்டால் தொண்ணூறு. ஒரே ஒரு கிலோ. அதுவும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றதால் வந்ததோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்ல மேங் யூரி என்று ஒரு பெண் இருந்தாள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, குரலில் மட்டும் டிராபிக் போலீஸ். தின்பது குடிப்பது எல்லாவற்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பான்சூ பஸ் டிரிப் ஷீட் எழுதின கை. நேரம் போட்டுப் பிசகில்லாமல் எழுதியிருந்தார்.

"7.10 சோறு அரைக் கிண்ணம் ஆரம்பம். 7.14 முடிந்தது" என்று யூரி வாசித்தாள். "நாலு நிமிஷமா அப்பா?"

"அரைக் கிண்ணம்தானே. முழுக் கிண்ணம்னா ஏழு ஆகும்."

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கூட்டிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "இதுல எழுதியிருக்கிறது மட்டும்தான் சாப்பிட்டீங்கன்னா, நாலு கிலோவாவது போயிருக்கணும். வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா."

பக்கத்து நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மல்சுன் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது திறந்தாள். "இந்தாங்க. என் கிண்ணத்துல நான் வச்ச சோறு எங்க போச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

"அது மிச்சம்."

"மிச்சம்னா?"

"மிச்சம்னா மிச்சம். அது எப்படிச் சாப்பாடாகும்? நான் எனக்குன்னு போட்டுத் தின்னாத்தானே எழுதணும்?" பான்சூ உண்மையாகவே திகைத்தார். பொய் சொல்லவில்லை பாவம். மூன்று வருஷமாகத் தின்ற அந்தச் சோற்றை அவர் ஒரு நாளும் தன் சாப்பாடாக நினைத்ததில்லை. பாத்திரம் கழுவுவது மாதிரி அது ஒரு வேலை.

"அந்த ஆரஞ்சு?" என்றாள் மல்சுன்.

"அது அழுகிப்போயிடும்ல!"

"காப்பி?"

"அது தண்ணிதானே சோரா அம்மா!"

யூரி சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை, மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தாள். மல்சுன் சிரிக்கவில்லை. அவள் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பன்னண்டு கிலோ. நான் தின்னாம விட்டதெல்லாம் அங்க போய்ச் சேந்திருக்கு" என்றாள்.

யூரி நிமிர்ந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். அளவு பாதிதான், மற்ற பாதி என்ன தின்கிறோம் என்பது. வெள்ளைச் சோறு, ஜூஸ், காப்பிப் பொட்டலம், நூடுல்ஸ், இதையே தின்றுகொண்டு பட்டினி கிடந்தால் இந்த வயதில் தொப்பை போகாது, காலில் இருக்கும் சதைதான் கரையும். சதை போன ஆளை ஆபரேஷன் மேஜையில் ஏற்ற மாட்டார்கள். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். மீன், முட்டை, சோயாவில் செய்த டோஃபு, வேளைக்கு ஒன்று. கீரையும் கடற்பாசியும் நிறைய. சோறு கொஞ்சம், அதுவும் பார்லி கலந்து. சாப்பாடு இருபது நிமிஷத்துக்குக் குறையக்கூடாது. "அம்மா மிச்சம் வச்சா எறிஞ்சுடுங்க."

"எறியுறதா?" என்றார் பான்சூ. கொலை பண்ணச் சொன்ன மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மல்சுன் மேல் அலமாரியிலிருந்து இன்னொரு சின்னக் குக்கரை இறக்கினாள். ஒன்றில் தனக்கு வெள்ளைச் சோறு, மற்றதில் அவருக்குப் பார்லிச் சோறு. மேஜைக்கு வந்த கிண்ணத்தைப் பான்சூ எட்ட நின்று பார்த்தார். பார்லியோடு அவருக்கு ஒரு பழைய பகை உண்டு. அவர் படித்த காலத்தில் நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. மத்தியானம் வாத்தியார் எல்லாப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியையும் திறக்கச் சொல்லி, சோற்றில் பார்லி கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். வெறும் வெள்ளைச் சோறு கொண்டு வந்தவனுக்கு அடி. பான்சூவின் பெட்டியை மட்டும் திறக்கச் சொல்லவே மாட்டார், அதில் அரிசி இருந்தால்தானே. ஒரு நாளாவது அந்த அடியை வாங்கிவிட வேண்டும் என்று ஏங்கிய பையன் அவர்.

"நான் திங்க வேண்டிய பார்லியைப் பத்து வயசுக்குள்ள தின்னு முடிச்சிட்டேன்."

"அது அந்த வாத்தியாருக்காகத் தின்னது. இது எனக்காக" என்று சொல்லிவிட்டு மல்சுன் உட்கார்ந்தாள். "உக்காருங்க. ஒவ்வொரு வாய்க்கும் சாப்பிடுற குச்சியைக் கீழ வைக்கணும். நான் எடுக்கும்போதுதான் நீங்க எடுக்கணும்."

ஐயோ, அந்த முதல் வாரம்! மல்சுன் எறும்பு மாதிரி தின்பாள். பான்சூ குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் கட்டிக்கொண்டு சிக்னலில் நிற்கிற வண்டி மாதிரி உறுமுவார். "பச்சை விழுந்துச்சா?" "இன்னும் இல்ல. மெல்லுங்க." இருபது நிமிஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் பேசாமல் இருக்க முடியுமா? முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவர்கள் அவ்வளவு பேசினது அப்போதுதான். தொழிற்சாலையில் ஒரு மேஸ்திரி அவளைப் பாட்டுப் பாடச் சொன்ன கதை, அவள் குழுவில் யாரும் அவளைத் தோற்கடிக்க முடியாமல் இருந்த வேகம், இதெல்லாம் பான்சூவுக்கு அறுபத்து நாலு வயதில்தான் தெரிந்தது.

இரண்டாம் வாரம் அவர் ஒன்றைக் கவனித்தார். மல்சுனின் கிண்ணம் காலியாக இருந்தது. முதல் நாள் தற்செயல் என்று விட்டுவிட்டார். மறுநாளும் காலி. அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வாயை விழுங்கித் தண்ணீர் ஒரு மடக்குக் குடிப்பதை அவர் பார்த்தார்.

"பசிக்குதா சோரா அம்மா?" ஆசையோடு கேட்டார்.

"பசியாவது மண்ணாவது. நான் மிச்சம் வச்சா நீங்க திம்பீங்க. நீங்க தின்னா அந்த டாக்டரு வேணாம்பாரு. அதனால நானே தின்னு தொலைக்கிறேன்."

பான்சூ எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதார். மூன்று வருஷம் அவர் கெஞ்சியிருக்கிறார், கத்தியிருக்கிறார், ஊட்டிக்கூடப் பார்த்திருக்கிறார். தனக்காக அவள் ஒரு வாய் அதிகம் தின்னவில்லை. இப்போது அவருக்காகத் தின்கிறாள். அடுத்த மாச ரத்தப் பரிசோதனையில் அவள் உடம்பில் சத்து ஏறியிருப்பதாக டயாலிசிஸ் சிஸ்டர் சொன்னபோது, பான்சூ அந்தச் சிஸ்டருக்கு, வாசலில் நின்ற காவலாளிக்கு, லிப்டில் வந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு எல்லாம் குனிந்து நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வரும் பெட்டிகளுக்கும் வழி பிறந்தது. சோரா வாசலில் ஒரு அட்டை எழுதி ஒட்டினாள்: "அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் முட்டை மட்டும் கொண்டு வரவும்." மலைச்சரிவே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனாலும் முட்டை வந்தது. மீன்காரிகள் கானாங்கெளுத்தியை உப்புப் போடாமல் சுத்தம் செய்து கொடுத்தார்கள். சூப்புக் கடைக்காரி ஒரு கட்டி டோஃபுவோடு படியேறி வந்து, "இருபத்தொன்பது வருஷம் நான் ஊட்டி வளத்த தொப்பை, அதைக் கரைக்கிறதுக்கும் நானேதான் ஏறி வரணுமா?" என்று மூச்சு வாங்கினாள். அந்த ஊர்க்காரர்களை என்னவென்று சொல்வது! கிண்டல் பண்ணாமல் ஒரு உதவி செய்யத் தெரியாது, உதவி செய்யாமல் ஒரு கிண்டல் பண்ணவும் தெரியாது.

எண்பத்தேழு, எண்பத்தஞ்சு, எண்பத்து மூணரை. நாலாம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்த மல்சுன் உட்காரக்கூட முடியாமல் படுத்துவிட்டாள். ரத்த அழுத்தம் இறங்கி முகம் சாம்பலாக இருந்தது. பான்சூவே சோறு வடித்து, மீனை முள் எடுத்து, கிண்ணத்தை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாயைத் துப்பிவிட்டாள். "முடியலங்க. இன்னைக்கு என்னை விட்டுடுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பான்சூ அந்தக் கிண்ணத்தோடு அடுக்களையில் நின்றார். முக்கால் கிண்ணம். வெள்ளைவெளேரென்று, இன்னும் ஆவி போகாத சோறு. மூன்று மாசமாகப் பார்லியைத் தின்ற வாயில் எச்சில் ஊறியது. அதைவிட, அவள் தின்னவில்லை என்பது மறுபடியும் வந்து அடுக்களையில் உட்கார்ந்துகொண்டது. ஒரே நிமிஷத்தில் தின்றுவிடலாம். யாருக்குத் தெரியும்? கரண்டியைக் கையில் எடுத்தும்விட்டார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைக்கு இறங்கிப்போனார். அங்கே சாப்பாட்டுக் கழிவுத் தொட்டி இருக்கிறது; அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டினால் எடை சொல்லும். கிண்ணத்தைக் கவிழ்த்தார். "நூற்றைம்பது கிராம்" என்று தொட்டி ஒரு பெண் குரலில் சொன்னது. அறுபத்து நாலு வருஷத்தில் அவர் எறிந்த முதல் சோறு. மூடி தானாகச் சாத்திக்கொண்டது. "மன்னிச்சுக்கோ" என்றார் பான்சூ. சோற்றிடம் சொன்னாரா, அவளிடமா, தன் அம்மாவிடமா, அவருக்கே தெரியவில்லை.

படியேறி வந்தபோது மல்சுன் முழித்திருந்தாள். "தின்னீங்களா?"

"இல்ல. கொட்டிட்டேன்."

அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். "முட்டை இருந்தா ஒண்ணு அவிச்சுக் குடுங்க. மெதுவாத் தின்னு பாக்குறேன்" என்றாள்.

ஐந்தாம் மாசக் கடைசியில் எடைபோட்டார்கள். எண்பது புள்ளி ஆறு. சர்க்கரை இறங்கியிருந்தது. ஈரலும் தெளிந்திருந்தது. யூரி எடை மெஷின் பக்கத்தில் நின்று கைதட்டிவிட்டு, வேலை நேரத்தில் இப்படிச் செய்யக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, உடனே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். பான்சூ அவளுக்கு இடுப்பு மடிய வணக்கம் சொன்னார். அவ்வளவு கீழே குனிய முடிகிறதே என்பதே அவருக்கு ஆச்சரியம்.

அதன் பிறகு சட்டப்படியான கேள்விகள். ஒரு சமூகப்பணியாளர் பான்சூவைத் தனி அறையில் உட்காரவைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, பயப்படாமல் சொல்லலாம் என்றார்.

"ஆமா, கட்டாயம்தான்" என்றார் பான்சூ. அந்த மனிதர் பேனாவை எடுத்தார். "நாலு மாசமா பார்லி திங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துறா. கிட்னியை யாரும் கேக்கல சார். கேட்டிருந்தா மூணு வருஷத்துக்கு முன்னாடியே குடுத்திருப்பேன். கேக்காத பொம்பளை அவ. பொறந்தப்பவே வேணாம்னு பேரு வச்சுட்டாங்க, அதனால எதையும் கேக்கவே கூடாதுன்னு இருந்துட்டா. இதையாவது வாங்கிக்கட்டும்."

அக்டோபரில் ஆபரேஷன். இரண்டு கட்டில்களையும் ஒரே தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். "இந்தாங்க, பயமா இருக்கா?" என்றாள் மல்சுன். "காலைல இருந்து ஒண்ணும் தின்னக் குடுக்கல, அதான் கோவம்" என்றார் பான்சூ. கட்டில்கள் வேறு வேறு கதவுக்குள் போய்விட்டன.

அவருக்கு நினைவு வந்தபோது விலாவுக்குக் கீழே கத்தியால் கீறின வலி. மேலே சோராவின் முகம், கண்ணீரும் சிரிப்புமாக. "அப்பா! அம்மாவுக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சுப்பா! அங்க மேஜையிலயே வந்துடுச்சாம்! டாக்டரு சொன்னாரு!"

உடம்பு சரியில்லாமல் போனதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேலாக மல்சுனுக்கு ஒரு சொட்டு வந்ததில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூட அளந்து குடித்த பெண். பான்சூ வாயைத் திறந்தார், தொண்டை வறண்டு சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். "எவ்வளவு?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் சிரித்தார்கள். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் பான்சூவால் சிரிக்க முடியவில்லை, அழ மட்டும் செய்தார்.

மல்சுனைக் கிருமி அண்டாத தனி அறையில் வைத்திருந்தார்கள். உள்ளே போக முடியாது. ஆறாம் நாள் காலையில் அவளுக்கு மூத்திரக் குழாயை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பான்சூவின் கட்டிலில் போன் அடித்தது.

"இந்தாங்க. நானே எழுந்து, நானே நடந்து, நானே போயிட்டு வந்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "சத்தம் கேட்டுச்சு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. சின்னப் பிள்ளை மாதிரி உள்ளயே உக்காந்து சிரிச்சிக்கிட்டிருந்தேன்." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. "ரொம்ப நன்றிங்க" என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை, அவரும் சொன்னதில்லை. அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி அதையெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை.

நீ வாங்கிக்கொண்டதே எனக்குப் போதும் என்று சொல்ல நினைத்தார் பான்சூ. நான்தான் நன்றி சொல்ல வேண்டும், உன்னால்தான் இந்த உடம்பும் பிழைத்தது, உன்னால்தான் உன்னோடு உட்கார்ந்து பேசினேன் என்று சொல்ல நினைத்தார். வாய்க்கு அத்தனையும் வரவில்லை.

"மல்சுன்" என்றார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தபோது அப்படியொன்றும் வேண்டாத பெயராகத் தெரியவில்லை. "அடுத்த தடவை போனாலும் கூப்பிட்டுச் சொல்லு."

இரண்டு வருஷமாக வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்த மூத்திரப்பை ஒரு டம்ளர்கூடத் தாங்காது. அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டியிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் போன் பதினொரு தடவை அடித்தது. பதினொரு தடவையும் பான்சூ எடுத்தார்.